தோட்டத்துச் சந்தியும் தட்டிக்கழிக்கப்படும் பொறுப்பும்

மலையகத்து வீதிகளில் உயிர்கள் பலியாகும்போதெல்லாம் மறுநாட் பத்திரிகைச் செய்தியின் இறுதி வரி ஒன்றாகவே அமைவதைக் காண்கிறோம். வண்டி எத்தனை அடிப் பள்ளத்தில் வீழ்ந்தது, எத்தனை பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர் என்னும் விபரங்கள் செய்திக்குச் செய்தி மாறும். சாரதியின் கவனயீனமே காரணம் என்று முடியும் அந்த இறுதி வரி மட்டும் மாறுவதில்லை. அவ்வரியோடு விசாரணை முடிகிறது, சிந்தனையும் முடிகிறது. வீதி விசாரிக்கப்படுவதில்லை. அவ்வீதியை அவ்வாறு அமைத்தவரும், அமைந்தவாறே விட்டுவைத்தவரும், அதனால் இலாபம் கண்டவரும் சாட்சிக்கூண்டுக்கு அழைக்கப்படுவதில்லை. அந்த இறுதி வரிக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

2023 ஜனவரி 20ஆம் நாள் நானுஓயா-ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்து திரும்பிக்கொண்டிருந்த பாடசாலை மாணவரின் பஸ் வண்டி, எதிரே வந்த வான் ஒன்றுடனும் முச்சக்கரவண்டி ஒன்றுடனும் மோதிச் சரிவில் இறங்கியது. வானிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த 7 பேர் மாண்டனர். 2024 டிசெம்பர் 21ஆம் நாள் ஹற்றன் மல்லியப்பு வளைவில் பஸ் ஒன்று கவிழ்ந்து மூவர் இறந்தனர். 2025 மே 11ஆம் நாள் அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் வண்டி கொத்மலை கெரண்டிஎல்லவிற் பள்ளத்தில் வீழ்ந்து 20இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை நாடறிந்தவை, அமைச்சர்கள் அனுதாபம் தெரிவித்தவை. ஆனால் தோட்டப் பாதை வந்து பிரதான வீதியோடு கூடும் சந்திகளில் ஒருவர் இருவராகச் சாவோர் உள்ளனர். கொழுந்துக் கூடையோடு வீதியைக் கடந்த பெண், பாடசாலைக்குப் போன பிள்ளை, இருட்டில் பஸ்ஸை விட்டிறங்கி எதிர்ப்புறம் நடந்த கிழவர் ஆகிய இவர்களின் சாவு உள்ளூர்ச் செய்தியின் ஒரு பத்தியோடு அடங்கிவிடுகிறது. பெருவிபத்துக்கு விசாரணைக் குழு உண்டு. சிறு சந்திக்கு அதுவுமில்லை.

ரதல்ல விபத்தைச் சரிவில் நிகழ்ந்த விபத்தென்றே பலரும் கருதுகின்றனர். அது ஒரு சந்தியில் தொடங்கிய விபத்து என்பது எமது கருத்து. நுவரெலியாவிலிருந்து இறங்கும் சாரதிக்கு, பிரதான வீதியிலிருந்து குறுக்கு வீதி பிரியும் இடத்தில் எடுக்கவேண்டிய முடிவு ஒன்று உண்டு. அம்முடிவை வழி தெரிந்தவன் எடுப்பதும் தெரியாதவன் எடுப்பதும் ஒன்றல்ல. உள்ளூர்ச் சாரதி அவ்விறக்கத்தின் குணத்தை அறிவான். எந்தக் கியரில் இறங்கவேண்டும், எங்கே பிறேக்கை விட்டுப் பிடிக்கவேண்டும் என்பது அவனுக்குப் பழக்கம். சமவெளியிலிருந்து வந்தவனோ பிறேக்கின் மீதே முழுப் பாரத்தையும் போட்டு இறங்குவான். தொடர்ந்து அழுத்தப்படும் பிறேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும் என்பது இயந்திரவியலின் பாலபாடம். அத்தகையவன் அச்சரிவிற் பாரமான வண்டியோடு நுழையாதவாறு தடுக்கவேண்டிய இடம் சரிவன்று, சந்தியே. அவ்வழியில் பஸ் முதலிய கனரக வாகனங்கள் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது 7 பேர் மாண்ட பின்னர். அப்போதும் தடை என்றால் எமது அதிகாரிகளுக்கு ஓர் அறிவித்தல், ஒரு பலகை, சில நாட்களுக்கு ஒரு பொலிஸ்காரர். உயரமான வண்டி நுழையமுடியாதவாறு வீதிக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் நாட்டுவதே தடை. பலகை வெறும் வேண்டுகோள்.

இச்சந்திகள் ஏன் இப்படி அமைந்தன? மலையகத்து வீதிகள் மக்கள் நடமாடுவதற்காக அமைக்கப்பட்டவையல்ல. 1820களில் தேசாதிபதி பார்ன்ஸ் கொழும்பு-கண்டி வீதியைப் போட்டதும், 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பையோ அதற்கீடான பணத்தையோ குடிகளிடம் கேட்டதும், மாத்தளைக் கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமானதும் வரலாற்று மாணவர் அறிந்தவை. படைநகர்வுக்கெனத் தொடங்கிய வீதி கோப்பிக்கெனக் கிளைவிட்டது. 1869இல் கோப்பிக்கு நோய் கண்டபின் தேயிலைக்கென மேலும் கிளைவிட்டது. புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது, ஒவ்வொரு தோட்டமும் தன் ஸ்டோரிலிருந்து பிரதான வீதிக்கோ புகையிரத நிலையத்துக்கோ மிகக் குறுகிய, மிக மலிவான வழியை வெட்டிக்கொண்டது. கிளை வீதிகள், தோட்ட வீதிகள் பற்றிய கட்டளைச் சட்டங்களின் கீழ் தோட்ட உரிமையாளரும் அரசும் செலவைப் பங்கிட்டுக்கொண்டனர். மலிவான வழி என்றால் மலையின் விளிம்பையொட்டி இறங்கி, பிரதான வீதியைக் கூர்ங்கோணத்தில் வந்து தொடும் வழி. அது வளைவிற்கு அப்பாலா இப்பாலா என்று எவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. காளைமாட்டு வண்டிக்கு எழுபது மீற்றர் பார்வை எதற்கு? வண்டிக்காரன் குரல் கொடுத்தால் எதிரே வருபவன் நிறுத்திவிடுவான்.

மாட்டுவண்டி போய் லொறி வந்தது. செம்மண் போய்த் தார் வந்தது; அண்மைத் தசாப்தங்களில் தார் போய்க் காப்பெற் வந்தது. பிரதான வீதி அகன்றது, வழுவழுப்பானது, வேகத்துக்கு இடங்கொடுத்தது. அதனோடு வந்து சேரும் தோட்டப் பாதையோ, துரை குதிரையிற் சென்ற காலத்தில் எப்படிச் சேர்ந்ததோ அப்படியே சேர்கிறது. ஒரு சந்தியின் பாதி இருபத்தோராம் நூற்றாண்டிலும் மறுபாதி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தால், அவை கூடும் இடத்தில் இரத்தம் சிந்துவதில் வியப்பென்ன? வீதி அபிவிருத்தி என்று நாம் மாலையிட்டு வரவேற்றதே இச்சந்திகளை முன்னரிலும் கொடியனவாக்கியது என்று கூறுவது பலருக்குக் கசக்கும். எனினும் உண்மை அதுதான். ஒரு வீதியின் வேகத்தை உயர்த்துபவன், அவ்வீதியோடு கூடும் ஒவ்வொரு பாதையின் வாயையும் அவ்வேகத்துக்கேற்பத் திருத்தக் கடமைப்பட்டவன். இங்கே முதற்பாதி நிறைவேற்றப்பட்டுத் திறப்புவிழாவும் நடந்துவிட்டது.

ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஒரு காலைப்பொழுதில் இத்தகைய ஒரு சந்தியில் நின்று பார்ப்போர்க்கு இது விளங்கும். தோட்டப் பாதை செங்குத்தாக இறங்கி வருகிறது. அதன் ஒருபுறம் மண்மேடு. மேட்டின் மீது தேயிலையும் மானாப்புல்லும் ஒரு சவுக்கு மரமும். மறுபுறம் கொழுந்து மடுவம். சந்தியின் வாயிலேயே பஸ் தரிப்பிடம், அதனருகே பெட்டிக்கடை, கடையருகே முச்சக்கரவண்டிகள் நிற்குமிடம். மழைநாளில் மலையிலிருந்து வழியும் நீர் வாய்க்காலின்றி வீதிக்குக் குறுக்கே ஓடி மணலைப் படியவிட்டிருக்கும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் எதிர்பாராமல் இறங்கும் மூடுபனி முப்பது மீற்றருக்கு அப்பால் எதனையும் மறைத்துவிடும். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பெண்கள் விரைந்து வீதியைக் கடக்கின்றனர். அவ்விரைவையும் கவனயீனம் என்று சொல்வோர் உளர். நிறுவையிற் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பதை அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, அது ஆபத்தென உணர்ந்து, காலைப் பிறேக்கில் வைப்பதற்கு இரண்டரை விநாடியெனப் பொறியியலாளர் கொள்வர். அதற்குள் 35 மீற்றர் கழிந்துவிடும். ஈரமான வீதியில், நூற்றுக்கு எட்டு என்ற இறக்கத்தில், வண்டி நிற்க மேலும் 37 மீற்றர் வேண்டும். ஆக, 70 மீற்றருக்கு அப்பால் நிற்கும் பிள்ளையைச் சாரதி கண்டாலன்றிப் பிள்ளை தப்பாது. அதே இறக்கத்தில் வேகம் 30 ஆயின் முழுத் தூரமும் 34 மீற்றருக்குள் அடங்கும். மூடுபனியில் தெரியும் எல்லைக்கு அது கிட்டத்தட்ட ஒத்தது. இவ்விரு எண்களுக்கும் இடையே கிடக்கிறது மலையகச் சந்தியின் பிரச்சினை முழுவதும். ஒன்றில் பார்வையை 70 மீற்றருக்கு நீட்டவேண்டும். அன்றேல் வேகத்தை 30இற்கு இறக்கவேண்டும். மூடுபனி நாட்டில் இரண்டுமே வேண்டும்.

பார்வையை நீட்டுவதற்கு ஆகும் செலவு என்ன? தோட்டப் பாதையிலிருந்து வரும் சாரதி வீதி விளிம்பிலிருந்து 3 மீற்றர் உள்ளே நின்றவாறு இருபுறமும் 70 மீற்றர் பார்க்கவேண்டுமெனின், இரு முக்கோணங்களின் பரப்பு 210 சதுரமீற்றர் மறைப்பின்றி இருத்தல் வேண்டும். அந்நிலம் முழுவதும் தேயிலையே என்று கம்பனிகளுக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேயரில் ஏறத்தாழ 12,500 செடி என்னும் இக்கால நடுகைக் கணக்கில் அது சுமார் 260 செடி. ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோ தேயிலைத்தூள் என்று கொண்டால் அந்நிலத்தின் விளைவு ஏறத்தாழ 32 கிலோ. அண்மை ஆண்டுகளில் கொழும்பு ஏலத்திற் கிலோவின் சராசரி விலை 1,100 ரூபாவுக்கும் 1,300 ரூபாவுக்கும் இடையில் நின்றிருக்கிறது. நடுவிலையாக 1,200 ரூபா என்று பெருக்கினால் ஆண்டுக்கு 38,400 ரூபா. பறிக்கும் கூலி, ஸ்டோர்ச் செலவு, பசளை யாவற்றையும் கழித்தால் இலாபமெனத் தேறுவது இன்னும் அற்பம். ஒரு சந்தியை மறைத்து நிற்கும் பச்சைச் சுவரின் விலை இதுதான். இதனை விட்டுக்கொடுக்க இயலாதென்று எந்தக் கம்பனியும் எழுத்தில் கூறப்போவதில்லை. எழுத்தில் கேட்பவர் எவருமில்லை என்பதே அவர்களுக்கு வசதி.

கேட்பதென்றால் எவரிடம் கேட்பது? இவ்விடத்திலேயே விடயம் வெறும் பொறியியலிலிருந்து அரசியலுக்குள் நுழைகிறது. அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதியும், பேராதனையிலிருந்து கம்பளை, நுவரெலியா வழியாகச் செல்லும் ஏ5 வீதியும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. அவற்றுக்கு அடுத்த தரத்து வீதிகள் மாகாண சபைக்கு. சிறு வீதிகள் பிரதேச சபைக்கு. தோட்டப் பாதை கம்பனிக்கு. கம்பனி என்றதும் அது நிலத்தின் சொந்தக்காரன் என்று எண்ணிவிடக்கூடாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் நிலம் அரசின் கைக்கு வந்தது. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பனி குத்தகைக்காரன் மட்டுமே. குத்தகைக்காரன், நிரந்தர வேலைகளை அரசு செய்யட்டும் என்கிறான். அரசோ, நிலம் குத்தகையில் இருக்கிறதே என்கிறது. சந்தியோ இவ்விருவரின் எல்லைக்கோட்டின் மீது கிடக்கிறது. ஒருவரின் காப்பெற் முடிந்து மற்றவரின் கற்பாதை தொடங்கும் அந்த ஐந்தாறு மீற்றர் எவருடைய வரைபடத்திலும் இல்லை.

மூன்றாவது பங்காளியான பிரதேச சபையின் கதை இதனிலும் விசித்திரமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதி செல்வதற்குத் தடையாகவே நடைமுறையில் நின்றது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தனர். தமது உறுப்பினரையும் அனுப்பினர். அவ்வுறுப்பினர் தம்மை அனுப்பியவர்களின் பாதைக்கு ஒரு கூடை கல் போடமுடியாது. குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டு நெடுங்காலம் நின்ற ஒரு சமூகத்துக்கு, வாக்குரிமை மீண்ட பின்னரும் வாய்க்கால் வெட்டும் உரிமை மீளவில்லை. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையை நீக்கியது. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தது. நுவரெலியா மாவட்டத்திற் பிரதேச சபைகளின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. இவை உண்மையான வெற்றிகள், போராடிப் பெற்றவை. ஆயினும் தடை நீங்கிய பின்னர், தடையைக் காரணங்காட்டி வாளாவிருந்த பழக்கம் நீங்கியதா என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. இன்றும் சபைகளின் பேச்சில் தோட்டப் பாதை என்றால் கொங்கிறீற் இடுவதும் பெயர்ப்பலகை நாட்டுவதுமே. பாதையின் நடுவே கொங்கிறீற் இட்டால் அடிக்கல் நாட்டிப் படம் எடுக்கலாம். பாதையின் வாயில் மண்மேட்டைச் சரித்தால் எவருடைய படமும் பத்திரிகையில் வராது.

எமது வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நோக்குவோம். சாரதிகள் குடித்துவிட்டு ஓட்டுகின்றனர், உறக்கத்தில் ஓட்டுகின்றனர், பயணிகளை அளவுக்குமேல் ஏற்றுகின்றனர் என்பர். மறுக்கவில்லை. கெரண்டிஎல்லவில் வீழ்ந்த பஸ்ஸில் எழுபதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். தவறிழைக்கும் சாரதியைத் தண்டிக்கச் சட்டம் உண்டு, தண்டிக்கட்டும். ஆனால் மனிதன் தவறிழைப்பான் என்பது வீதி அமைப்போனுக்குத் தெரியாத இரகசியமா? 1997இல் சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் வீதிச் சாவுகளை அறவே ஒழிக்கும் நோக்கை ஏற்றுக்கொண்டபோது, பாவிப்போனின் தவறு சாவில் முடியாதவாறு வீதியை அமைப்பது வீதியை அமைப்போனின் கடமை என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அந்நாட்டுச் சாரதிகள் எம்மவரிலும் புனிதர் என்பதால் அன்று. எமது நாட்டிலோ ஆண்டுதோறும் 2,000இற்கு மேற்பட்டோர் வீதிகளில் மாள்கின்றனர். ஆண்டுதோறும் சாரதிகளுக்குப் புத்திமதி கூறப்படுகிறது. புத்திமதி செலவற்றது.

இன்னொரு சாரார், எல்லாம் விதி என்பர். மலையகத்தின் பல வளைவுகளிலும் சந்திகளிலும் முனியாண்டிக்கோ காளியம்மனுக்கோ ஒரு சிறு கோவில் இருக்கிறது. சாரதி வேகத்தைக் குறைத்துக் காசு போட்டுக் கும்பிட்டுச் செல்கிறான். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் இதனை எள்ளி நகையாடுவதுண்டு. எமக்கு அந்நகைப்பில் உடன்பாடில்லை. அக்கோவில் ஒரு செய்தியைச் சொல்கிறது: இவ்விடம் உயிர் குடிக்கும் இடமென்று அங்கு வாழும் மக்கள் அறிந்து அடையாளமிட்டு வைத்திருக்கின்றனர். அதிகாரசபையின் ஏட்டில் இல்லாத சந்தி முனியின் ஏட்டில் இருக்கிறது. மேலும், கும்பிடுவதற்காகவேனும் வண்டி மெதுவாகிறது. பலகைகள் பல சாதிக்காததை முனி சாதித்திருக்கிறார். நகைக்கப்படவேண்டியவர்கள், மக்கள் அடையாளமிட்ட பின்னரும் அவ்விடத்துக்கு ஒரு பொறியியலாளரை அனுப்பாதவர்கள்.

ஆபத்தான வழியை மூடிவிட்டாற் போதுமே என்று கூறுவாரும் உளர். இதற்கு நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதை ஒரு பாடம். உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டைஊசி வளைவுகளோடு இறங்கும் அப்பாதையில், 2018இல் நேர்ந்த கோர விபத்தின் பின் வெளியூர் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. தேயிலை நாட்டுக்குச் சுற்றுலா வருவோரின் அறியாமையே ஆபத்து என்று இனங்கண்டு, அறிந்தவனையும் அறியாதவனையும் வேறுபடுத்தியது அத்தடையின் சிறப்பு. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு வேறு வழி உண்டு. தோட்டத்தில் வாழ்பவனுக்குத் தன் லயத்திலிருந்து வெளியேற அந்த ஒரு சந்தியே வழி. அதனை மூடமுடியாது, திருத்தவே முடியும். தமிழ்நாட்டு மலைவீதிகளிலிருந்து நாம் கடன்பெறக்கூடிய வேறொன்றும் உண்டு. அங்கு கொண்டைஊசி வளைவுகளுக்கு இலக்கமிட்டிருக்கிறார்கள். கொல்லிமலையில் எழுபது, வால்பாறை வழியில் நாற்பது என்று ஒவ்வொரு வளைவிலும் எண் நிற்கிறது. எண் இருந்தால் விபத்துக்கு முகவரி கிடைக்கும். எமது செய்திகளிலோ நானுஓயாப் பகுதியில், வட்டவளைப் பகுதியில் என்றுதான் எழுதப்படுகிறது. எந்தச் சந்தி என்று தெரியாத இடத்தில் எத்தனையாவது சாவு என்றும் தெரியாது.

செய்யவேண்டியவை பாரிய வேலைகள் அல்ல. சுற்றுவட்டம் எனும் அமைப்பு உலகின் பல நாடுகளிலும் சந்திச் சாவுகளைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் எமது சரிவுகளில் அதற்குச் சமதரை எங்கே? ஹற்றன், தலவாக்கலை போன்ற நகரங்களிலன்றி அது பொருந்தாது. தோட்டச் சந்திக்கு வேண்டியது வேறு. இறங்கிவரும் பாதையின் கடைசிப் பத்து மீற்றரைச் சமதரையாக்கினால், பாரமேற்றிய கொழுந்து லொறி உருளாமல் நின்று இருபுறமும் பார்த்துத் திரும்பமுடியும். இன்று அது நிற்க அஞ்சியே பாய்ந்து வெளியேறுகிறது. கூர்ங்கோணமாய்ச் சேரும் வாயை வெட்டிச் செங்கோணமாக்கினால், சாரதி தன் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்க்க வேண்டியிராது. பஸ் தரிப்பிடத்தைச் சந்தியின் வாயிலிருந்து பெயர்த்து இருபது முப்பது மீற்றர் அப்பால் வைத்தால், நிற்கும் பஸ்ஸே பார்வையை மறைக்கும் சுவராகாது. கொழுந்து மடுவம் வீதியின் ஒருபுறமும் கொழுந்து பறிக்கும் மலை மறுபுறமும் இருக்குமாயின், மடுவத்தை மாற்றுவது கணக்கப்பிள்ளை ஒருவர் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. வாய்க்காலும், நடைபாதையும், பிரதான வீதியின் காப்பெற்றுக்குக் குறுக்கே சந்திக்கு முன்னரே தொடங்கும் அதிர்வுக் கோடுகளும் இவற்றோடு சேரும். செங்குத்தான இறக்கத்தில் வேக மேடு போடுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. மோட்டார்சைக்கிள்காரனை அது வீழ்த்தும். வளைவுக் கண்ணாடியையும் அளவுக்குமேல் நம்பவேண்டாம். மூடுபனியில் அது குருடு. வெயிலிலும் வரும் வண்டியைத் தூரத்தில் இருப்பதாகவே காட்டும். ஒரு கண்ணாடியை நாட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவுவதற்கே அது பெரிதும் பயன்பட்டு வருகிறது.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கி 600இற்கு மேற்பட்டோரைக் காவுகொண்டபோது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் சரிந்து வீதிகளைக் கொண்டுபோயின. சரிந்த வீதி மீளக் கட்டப்பட்டாக வேண்டும். அதற்கெனப் பணமும் இயந்திரமும் பொறியியலாளரும் மலைக்கு வரும் காலம் இது. மண்ணை வெட்டும் இயந்திரம் சந்திக்கு அருகில் நிற்கையில், மேட்டின் மூலையை மேலும் மூன்று மீற்றர் சரிப்பதற்கு ஆவது சில மணிநேர எரிபொருள். அது போன பின் அதே வேலைக்குத் தனித் திட்டம், தனி மதிப்பீடு, தனிக் கேள்விப்பத்திரம், பின்னர் ஓர் ஐந்தாண்டு. மீளக் கட்டுதல் என்பது இருந்தவாறே கட்டுதல் என்று பொருள்படுமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சந்தியை இருபத்தோராம் நூற்றாண்டின் கடனால் இன்னொரு முறை வாங்கியவர்களாவோம்.

இவ்வேட்டைப் படிப்போருள் பொறியியல் மாணவர் உளர். புவியியல் மாணவர் உளர். அச்சந்திகளிலேயே பஸ்ஸுக்குக் காத்துநின்று பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தோரும் உளர். மலையகத்தைப் பற்றி ஆண்டுதோறும் நாம் கருத்தரங்கு நடத்துகிறோம், கவியரங்கும் நடத்துகிறோம். அவை நடக்கட்டும். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டச் சந்தியை ஓர் அளவுநாடாவாலும் ஒரு கைக்கடிகாரத்தாலும் அளந்து வர முடியாதா? தோட்டப் பாதையின் வாயிலிருந்து இருபுறமும் எத்தனை மீற்றர் தெரிகிறது. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் எத்தனை பேர் கடக்கின்றனர், அவர்களுள் எத்தனை பேர் பிள்ளைகள். இறங்கிவரும் வண்டிகள் குறித்த இரு கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை எத்தனை விநாடியிற் கடக்கின்றன. மறைத்து நிற்பது மண்ணா, மரமா, தேயிலையா. அங்கு மாண்டோர் எவர், எந்த ஆண்டில் என்று ஊர்ப்பெரியவர்கள் நினைவிலிருந்து கூறுவன யாவை? இவ்வளவையும் ஒரு தாளில் எழுதலாம். ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண்ணிட்டு, அத்தாளின் மூன்று பிரதிகளை வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் பிரதேச சபைக்கும் பெருந்தோட்டக் கம்பனிக்கும் ஒரே நாளில் அனுப்பவேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் மற்ற இருவரின் பெயரும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.